மருத்துவமனை ஊழியரும் அவர்தம் உடல்நலமும்

சித்தூர் மாவட்டத்தில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் உண்டு. வெதுரு என்ற சொல்லுக்குத் தெலுங்கில் மூங்கில் என்பது பொருள். பழந்தமிழிலும் வெதிர் என்றால் மூங்கில்தான். ஊரின் பெயரிலேயே இரு மொழிகளும் உறவு கொண்டாடுகின்றன. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆர்க்காட்டின் சில பகுதிகள் அதனுடன் சேர்க்கப்பெற்றன. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. எல்லைகள் எத்தனை முறை மாறினும், அவ்வட்டாரத்தார் பெருநோய்க்கு மருத்துவம் நாடிச் செல்லும் ஊர்கள் இரண்டுதாம்: ஒன்று திருப்பதி, மற்றொன்று வேலூர். திருப்பதியில் 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்த ரூயா அரசு மருத்துவமனையும், 1993 முதல் நடைபெறும் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகமும் உள்ளன. வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் ஓங்கி நிற்கிறது.

நோயாளிகள் செல்லும் அதே வழியில் இன்னொரு கூட்டமும் செல்கிறது. கையில் டிபன் கேரியரும் தோளில் பையும் கொண்டு, ஊரார் வேலை முடித்து வீடு திரும்பும் வேளையில், வேலைக்குப் புறப்படும் கூட்டம் அது. நர்ஸ்கள், ஆயாக்கள், வார்டு ஊழியர்கள், இரத்தப் பரிசோதனைக் கூடத்தார், துப்புரவுத் தொழிலாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சீட்டு எழுதுவோர், வாயிற்காவலர் எனப் பலர் அதில் உண்டு. பிறருடைய உடல்நலத்தைப் பேணும் இவர்கள் தம்முடைய உடல்நலத்தை எங்ஙனம் பேணுகின்றனர் என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். ஐதராபாத்திலும் பம்பாயிலும் டில்லியிலும் மருத்துவமனைகளில் உழைக்கும் தமிழர் இல்லங்களுக்கும் இது பொருந்தும்.

இதே சித்தூர் மாவட்டத்தின் பகுதியாய் 2022 வரை இருந்த மதனப்பள்ளியின் அருகே ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் காசநோய் மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் பிரிமோட் மொல்லர் அதனை வளர்த்தவர். காசநோய்க்கு நேரிய மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்நாளில், இத்தகைய நிலையங்களில் நோயாளிக்குக் கிடைத்த சிகிச்சை பெரும்பாலும் ஓர் ஒழுங்கான நாள்தான். இத்தனை மணிக்கு உணவு, இத்தனை மணிக்குப் படுக்கை, திறந்த காற்று, அளவான நடை. உடம்பு பிழைக்க வேண்டுமானால் நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அவ்வொழுங்கு நோயாளிக்கு வகுக்கப்பட்டதேயன்றி, அவர் தலைமாட்டில் இரவெல்லாம் கண்விழித்து நின்றவருக்கு வகுக்கப்படவில்லை.

இரவுப் பணிக்குச் செல்லும் ஒரு நர்ஸ் அம்மையாரின் பொழுதை எண்ணிப் பாருங்கள். மாலையில் குழந்தைகளுக்குச் சமைத்துவைத்துவிட்டு, தாம் இரண்டு வாய் உண்டும் உண்ணாமலும் பேருந்தைப் பிடிக்கிறார். எட்டு மணிக்கு வார்டைப் பொறுப்பேற்கிறார். மருந்து கொடுத்து, ஊசி போட்டு, கட்டுப் பிரித்து, ஏட்டில் எழுதி, பதினொரு மணிக்கு மேல் கொண்டுவந்த சோற்றைப் பிரிக்கிறார். பாதி உணவில் அழைப்பு மணி. ஒரு மணிக்குத் தேநீர். மூன்று மணிக்கு மீண்டும் தேநீர், உடன் வாயிற்கடையில் பொரித்த போண்டா இரண்டு. விடியற்காலையில் இரத்தம் எடுக்கும் வேலை. எட்டு மணிக்குப் பொறுப்பை ஒப்படைத்து, ஒன்பதரை மணிக்கு வீடு வந்தால், துணி துவைக்கக் கிடக்கிறது. பதினொரு மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படுகிறது. மாலையில் மறுபடியும் டிபன் கேரியர். இவர் அன்றிரவு வார்டில் ஒரு சர்க்கரை நோயாளியிடம், ‘வேளைக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் ஐயா’ என்று அன்போடு சொல்லுகிறார். தமக்கு இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால், கடைசியாகப் பார்த்த ஆண்டு நினைவில்லை.

இது அறியாமையால் வரும் தீங்கன்று. அறிந்ததைச் செய்ய நேரம் அமையாமையால் வரும் தீங்கு. ஆகவே அறிவுரை கூறுவதற்கு முன், இரவு விழிப்பு உடம்பில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம்.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலாக, அரிசியளவான நரம்புத் திரள் ஒன்று உண்டு. ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட இதுவே உடம்பின் தலைமைக் கடிகாரம். காலை ஒளி கண்ணில் பட்டதும் அது நாளைத் தொடங்கிவைக்கிறது. இருள் கவிந்ததும் மெலடோனின் என்னும் சுரப்பு மிகுகிறது, உடலின் வெப்பம் சற்றுக் குறைகிறது, தூக்கம் வருகிறது. இத்தலைமைக் கடிகாரத்தையன்றி, கல்லீரல், கணையம், குடல், இதயம் ஆகிய ஒவ்வோர் உறுப்பின் அணுக்களுக்குள்ளும் சிறு கடிகாரங்கள் ஓடுகின்றன. அணுவுக்குள் இக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்திருக்கலாம், கணையம் விழித்திருப்பதில்லை. பகலில் உண்ட அதே உணவை நள்ளிரவில் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை மேலும் உயரக் காண்கிறோம். இன்சுலின் சுரப்பும் அதன் வேலைத் திறமும் இரவில் மந்தப்படுவதே காரணம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 19 இளைஞர்களை வைத்து இரவுப் பணி போன்றதோர் ஏற்பாட்டில் இதனைச் சோதித்தார்கள். முடிவு 2021-இல் வெளியாயிற்று. இரவிலும் உண்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 விழுக்காடு கூடியது. விழித்திருந்தது இரவே ஆயினும், உணவைப் பகற்பொழுதுக்குள் மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. பத்தொன்பது பேர் சிறு தொகைதான். எனினும் இரவுப் பணியாளருக்குக் கைக்கெட்டும் ஒரு வழியை அச்சோதனை காட்டுகிறது.

பெருந்தொகையினரைக் கொண்ட ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்க நர்ஸ்களின் உடல்நலத்தை 1976 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆராய்ச்சி ஒன்றில், ஏறத்தாழ 1,77,000 பெண்களின் செய்தியைத் தொகுத்து 2011-இல் வெளியிட்டனர். மாறிமாறி வரும் இரவுப் பணியை இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிடச் சர்க்கரை நோய் 58 விழுக்காடு மிகுதியாய் வந்திருந்தது. உடல் எடையையும் கணக்கில் கொண்டபின் அவ்வேற்றம் 24 விழுக்காடாகக் குறைந்தது. இதை நாம் கவனித்துப் பொருள்கொள்ள வேண்டும். தீங்கின் பெரும்பகுதி இரவுப் பணியோடு ஏறும் எடையின் வழியாக வருகிறது. எடையைக் காத்தால் தீங்கில் ஒரு பங்கைக் காக்கலாம். எஞ்சிய பங்கு எடையால் வருவதன்று.

புற்றுநோயைப் பற்றியும் பலர் அஞ்சிக் கேட்பதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இரவுப் பணியை, ‘புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாகலாம்’ என்ற வகையில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. புகையிலையைப் போல் ஐயமற நிறுவப்பட்ட வகையில் அதனை வைக்கவில்லை. அஞ்சி வேலையை விடவேண்டும் என்பது இதன் பொருளன்று. இரவு முறைகளைப் பங்கிடுவதில் மருத்துவமனை நிர்வாகங்கள் அசட்டையாய் இருத்தல் தகாது என்பதே பொருள்.

இனி உணவு. இரவுப் பணிக்குச் செல்வோர் தம் பெரிய உணவை வேலைக்குப் புறப்படுமுன், வீட்டிலேயே, இருட்டுவதை ஒட்டி உண்டுவிடுவது நல்லது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே பெருஞ்சோறு வேண்டா. பசி தாங்காவிடில் சிறிதளவு போதும்: ஒரு பிடி வேகவைத்த வேர்க்கடலை, ஒரு கொய்யா, ஒரு குவளை மோர், அவித்த முட்டை ஒன்று. சித்தூர்ச் சீமையில் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. மானாவாரி நிலங்களில் விளைவது அதுவே. போண்டாவுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு பிடி கடலை கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோக மறப்பதுதான் இடையூறே ஒழிய, விலையன்று.

அவ்வட்டாரத்தார் கேழ்வரகுக் களியைச் சங்கட்டி என்பர். கடலைச் சட்டினியோ கீரைக் குழம்போ சேர்த்து அதை உண்ணும் வழக்கம் மிக நல்ல வழக்கம். தீட்டிய அரிசியைவிடக் கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆனால் களி என்ற பெயராலேயே அது சர்க்கரையை ஏற்றாது என்று நம்பிவிடலாகாது. உருண்டை இரண்டு மூன்று என்று போனால் மாவுச்சத்து மாவுச்சத்துத்தான். ஒரு சிறு உருண்டை, அதைவிட மிகுதியாய்க் காய் கீரை, உடன் பருப்பு அல்லது முட்டை என்பதே அளவு. வயலில் மண்வெட்டி பிடித்த பாட்டனார் உண்ட களியின் அளவை, நாற்காலியில் அமர்ந்து சீட்டு எழுதும் பேரன் உண்ணுதல் கூடாது.

தேநீரைப் பற்றி இரண்டு சொல். ஒரு குவளையில் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 8 அல்லது 10 கிராம். ஓர் இரவில் நான்கு குவளை என்றால் 40 கிராம் வரை ஆகிறது. தனியே சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், கூடுமானால் 25 கிராமாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கூறுகிறது. வீட்டில் சர்க்கரையே தொடாதவர் என்று பெயர் வாங்கிய சிலர், தேநீர்க் கடையில் அக்கணக்கைத் தீர்த்துவிடுகின்றனர். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீன் என்னும் பொருளில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். காலை ஒன்பது பத்து மணிக்குப் படுக்க எண்ணுபவர் விடியற்காலை மூன்று மணிக்குப்பின் தேநீரை நிறுத்திவிடுதல் வேண்டும். ஐந்து மணிக்கு ஒரு குவளை குடித்துவிட்டு, ‘வீட்டுக்கு வந்தால் தூக்கமே வருவதில்லை’ என்பது நாமே தேடிக்கொண்ட துன்பம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லக் கூசும் செய்தி ஒன்று உண்டு, சொல்லியே ஆகவேண்டும். நர்ஸ்களும் ஆயாக்களும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் சிறுநீர் கழிக்கச் செல்ல வேண்டும், செல்ல நேரமில்லை, பல இடங்களில் ஊழியருக்குத் தூய கழிப்பறையும் இல்லை. இதன் பயன் சிறுநீர்க் குழாயில் எரிச்சலும் கிருமித் தொற்றும், நாளடைவில் கல்லும். சித்தூர், திருப்பதி வெயிலில் இது மேலும் கடுமை. நூறு படுக்கைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் வாங்கும் மருத்துவமனை, மாடிக்கு ஒரு கழிப்பறையை ஊழியருக்கென்று ஒதுக்கித் தூய்மையாய் வைத்தால், அவர்களுடைய நலத்துக்கு அது எந்தச் சொற்பொழிவையும்விட மேலான உதவியாகும்.

தூக்கத்தை எப்படிப் பெறுவது? பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. அது குறுகியது, எளிதில் கலைவது. ஆயினும் அதனைச் செம்மைப்படுத்தலாம். வேலை முடிந்ததும் வீட்டு வேலையில் இறங்காமல் முதலில் படுத்துவிட வேண்டும். சாளரத்தைக் கெட்டியான துணியால் மறைத்து அறையை இருட்டாக்க வேண்டும். தொலைபேசியை வேறு அறையில் வைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் கிட்டாவிட்டால், காலையில் நான்கு ஐந்து மணி நேரமும், மாலையில் புறப்படுமுன் ஒன்றரை மணி நேரமும் எனப் பிரித்துக்கொள்ளலாம். பணியின் நடுவே, மற்றவர் வார்டைப் பார்த்துக்கொள்ள, இருபது நிமிடம் கண்ணயர்வது களைப்பை நன்கு தீர்க்கிறது. பல இடங்களில் இதைக் குற்றமாய்க் கருதுகிறார்கள். இருபது நிமிட ஓய்வு பெற்ற நர்ஸ், மருந்தின் அளவைத் தவறாமல் படிப்பார் என்பதை மேலதிகாரிகள் நினைத்துப் பார்ப்பது நன்று.

ஆனால் இத்தனையும் ஒருவர் கையில் மட்டும் இல்லை. இரவு முழுதும் நின்ற மகளோ மருமகளோ மனைவியோ வீடு திரும்பும்போது, அவர் வந்துதான் உலை வைக்கவேண்டும் என்று காத்திருக்கும் வீட்டில் எந்த ஆலோசனையும் பயன் தராது. இரவு வேலைக்குச் சென்று வந்த ஆண்மகன் படுத்திருந்தால், ‘அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே’ என்று குழந்தையை அதட்டுகிறோம். அதே வேலை பார்த்த தாய் படுத்திருந்தால் அப்படி அதட்டுவார் உண்டா? பகல் ஒரு மணி வரை அவரை எழுப்புவதில்லை என்ற ஒரே ஏற்பாட்டை வீட்டார் செய்தால் போதும். மாமியார், நாத்தனார், கணவர் என்று யாரேனும் ஒருவர் காலை அடுப்பை ஏற்கலாம். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கித் தருவதைவிட இது எளிது.

வேலை முடிந்து வீடு திரும்பும் காலைப் பொழுதும் ஆபத்தானது. இரவெல்லாம் விழித்தவர் இருசக்கர வண்டியை ஓட்டிவரும்போது சில நொடிகள் தம்மையறியாமல் கண் சொக்கிவிடும். நெடுஞ்சாலையில் அந்தச் சில நொடி போதும். இரவு முறையின் நாள்களில் பேருந்தில் வருவதே தக்கது. இல்லையேல் புறப்படுமுன் அரைமணி நேரம் கண்ணயர்ந்து வரலாம். முறைகளை வகுப்போரும், காலை முறை, பிற்பகல் முறை, இரவு முறை என்று முன்னோக்கிச் செல்லும்படி வரிசைப்படுத்தினால் உடம்பு எளிதில் ஒத்துப்போகும். இரவிலிருந்து பிற்பகலுக்கும், அதிலிருந்து காலைக்கும் பின்னோக்கித் தள்ளுவது கடினமானது. தொடர்ந்து வரும் இரவுகள் குறைவாய் இருப்பதும், கடைசி இரவுக்குப் பின் முழுநாள் ஓய்வு இருப்பதும் வேண்டும்.

‘நாள் முழுவதும் வார்டில் நடக்கிறேனே, எனக்கு எதற்கு உடற்பயிற்சி?’ என்று கேட்போர் உண்டு. நடப்பது வேறு, நிற்பது வேறு. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில், உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநரையும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநரையும் டாக்டர் ஜெர்ரி மாரிஸ் என்பார் ஒப்பிட்டு 1953-இல் எழுதினார். நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாகவே வந்தது. ஒரே வேலையிடம், ஒரே ஊர்; வேறுபாடு படிக்கட்டுத்தான். மருத்துவமனையிலும் அவ்வாறே. வார்டில் விரைந்து நடப்பவருக்குச் சிறிது பயன் உண்டு. அறுவை அரங்கில் நான்கு மணி நேரம் அசையாமல் நிற்பவருக்கும், பதிவேட்டு அறையில் அமர்ந்திருப்பவருக்கும் அப்பயன் இல்லை. முன்னவருக்குக் காலில் நரம்பு முடிச்சு, பின்னவருக்குத் தொந்தி. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும்படி நடந்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மின்தூக்கியை விட்டுப் படியேறுவதும் இக்கணக்கில் சேரும். நோயாளியைத் தூக்குவோர் இடுப்பை வளைத்துத் தூக்கலாகாது. முழங்காலை மடக்கி, விரிப்போடு சேர்த்து இருவராக நகர்த்த வேண்டும். முதுகு ஒருமுறை பிடித்துக்கொண்டால் வாழ்நாள் முழுதும் அதன் நினைவு இருக்கும்.

ஆண் ஊழியர்களிடையே பீடியும் குட்காவும் இரவு விழிப்புக்குத் துணை என்ற எண்ணம் இருந்துவருகிறது. இதற்கு மருத்துவர்களின் வாழ்விலிருந்தே ஒரு சான்று உண்டு. 1951 அக்டோபரில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் அறிஞர் இருவர் பிரிட்டனின் டாக்டர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதி, ‘நீங்கள் புகைப்பதுண்டா?’ என்று கேட்டனர். விடை எழுதிய ஆண் டாக்டர்கள் 34,439 பேரை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2004-இல் வந்த முடிவு இது: விடாது புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். முப்பது வயதில் விட்டவர் அவ்விழப்பை ஏறத்தாழ முற்றும் தவிர்த்தார்; ஐம்பதில் விட்டவர்க்கு ஆறு ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன; அறுபதில் விட்டவர்க்கும் மூன்று ஆண்டுகள் கிட்டின. புகையால் வரும் கேட்டைத் தம் தோழர்களின் மரணக் கணக்கில் கண்ட பிரிட்டிஷ் டாக்டர்களுள் பெரும்பாலோர் அப்பழக்கத்தைக் கைவிட்டனர்.

இதுகாறும் கூறியவை பல தொழில்களுக்கும் பொதுவானவை. மருத்துவமனைக்கே உரிய ஆபத்து ஊசிமுனையில் இருக்கிறது. வியன்னா நகரில் 1847-இல் கோலெட்ச்கா என்னும் பேராசிரியர், பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்ட சிறு காயத்தால் மாண்டார். அம்மரணத்தை ஆராய்ந்தே அவருடைய நண்பர் செம்மல்வைஸ், பிரசவ வார்டில் தாய்மார்களைக் கொல்வதும் அதே நஞ்சுதான் என்று கண்டு, கைகழுவும் முறையைக் கொண்டுவந்தார். அன்று கத்தி, இன்று ஊசி. நோயாளியின் இரத்தத்தில் ‘பி’ வகை மஞ்சட்காமாலைக் கிருமி இருந்து, அந்த ஊசி குத்தினால், தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை அந்நோயைப் பெறக்கூடும். எச்.ஐ.வி. கிருமியாயின் ஆயிரத்துக்கு மூவர். மக்கள் இரண்டாவதற்கு நடுங்குகின்றனர், முதலாவதை மறந்துவிடுகின்றனர். முதலாவதற்கோ கைமேல் தடுப்பு இருக்கிறது: தொடக்கத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று ஊசிகள்.

யாருக்கு இவ்வூசி கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். டாக்டருக்கும் நர்ஸுக்கும் பெரும்பாலும் கிடைக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து குப்பைக் கூடையைச் சுமக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு? மூடி போட்ட ஊசியோ, பையைக் கிழித்து வெளிவந்த ஊசியோ குத்துவது பெரும்பாலும் அவர் கையில்தான். மருத்துவக் கழிவுகளைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ‘பி’ காமாலைக்கும் வில்வாத ஜன்னிக்கும் தடுப்பூசி போடுவதை மருத்துவமனையின் பொறுப்பாக்கியுள்ளன. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். எனவே கேட்டுப் பெறுவது பிச்சையன்று, உரிமை. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், துளைபடாத வெண்ணிறப் பெட்டியில் உடனே இடுவது அடுத்தவர் கையைக் காக்கும் செயல். குத்திவிட்டால் விரலைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, வெட்கமோ அச்சமோ இன்றி அன்றே சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள்ளும், எவ்வாறாயினும் 72 மணிக்குள்ளும் தொடங்கி, 28 நாள் உட்கொள்ளுதல் வேண்டும்.

காசநோயும் ஊழியரை விட்டுவைப்பதில்லை. வேலூர் மருத்துவக் கல்லூரியார் தம் நர்சிங் மாணவியரையே சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்குக் காசநோய்க் கிருமி புதிதாய்த் தொற்றக் கண்டனர். பொதுமக்களிடையே காணப்பட்டதைப்போல் இது பல மடங்கு. தொற்றியவர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. எனினும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், ‘தூசியால்’ என்று தானே முடிவு கட்டாமல் சளியைச் சோதித்துவிட வேண்டும். தம் குறையை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்ட அக்கல்லூரியாரின் நேர்மை பாராட்டத் தக்கது. வார்டுச் சாளரங்களைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் தருவது ஆரோக்கியவரம் காலத்து முறையேயாயினும் இன்றும் பழுதற்றது.

வருடத்துக்கு ஒருமுறையேனும் ஊழியர் தம்மைத் தாமே அளந்துகொள்ளுதல் வேண்டும். கருவிகள் எல்லாம் கைக்கருகிலேயே இருக்கின்றன. இடுப்பின் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. நம் நாட்டாருக்கு இவ்வளவே வரம்பு. இரத்த அழுத்தம், ஐந்து நிமிடம் அமைதியாய் அமர்ந்தபின் பார்த்தது, 140-க்கும் 90-க்கும் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குள் இருப்பது நலம். 126-ஐ எட்டினால், மறுமுறையும் பார்த்து நோயை உறுதி செய்வர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் சர்க்கரை நோயாளர் 10 கோடிக்கு மேல். அவர்களுக்கு ஊசி போடும் கைகளுக்குரியவரும் அவர்களுள் சிலர் என்பதில் வியப்பில்லை.

வேற்று மாநிலத்தில் தனியே தங்கியிருப்போருக்கு இவற்றோடு இன்னொரு சுமையும் உண்டு. விடுதியில் கிடைப்பதே உணவு. மனக்குறையைச் சொல்ல அருகில் தம் மொழி பேசுவோர் இல்லை. தம் கண்முன் இறந்த நோயாளியின் முகம் படுக்கையிலும் வருகிறது. ஓய்வில்லா வேலையால் உள்ளம் வறண்டு, நோயாளியிடம் எரிந்துவிழத் தோன்றும் இந்நிலையைத் தொழிலால் வரும் சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. அது சோம்பலுமன்று, குணக்கேடுமன்று. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 14416. எந்த மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். தூக்கமே இன்றி வாரக்கணக்கில் கழிந்தாலும், உயிர்மேல் வெறுப்புத் தோன்றினாலும் அவ்வெண்ணை அழைக்கத் தயங்கலாகாது.

ஒரு மருத்துவமனையை விட்டு மற்றொன்றுக்கு, ஒரு மாநிலத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறிச் செல்வோர் சான்றிதழ்களைப் பெட்டியில் எடுத்துவைக்கும்போது தடுப்பூசி அட்டையையும் அதனோடு வைக்க வேண்டும். மூன்றாம் காமாலை ஊசி போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்பாற்றலைப் பார்ப்பர். அளவு 10 அலகுக்கு மேல் இருந்தால் ஊசி பலித்தது என்று பொருள். அந்தச் சீட்டும் உடன் இருக்கட்டும். புதிய ஊரில் ஊசி குத்திவிட்டால், முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகவே இருக்கும்.